இடிக்கு முன்னால் கத்தும் ரேடியோ

அந்தக் காலத்தில் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்தது. கிரைண்டர் வம்பளக்கும். டெலிபோன் ஊர்க்கதை பேசும். ரேடியோ தன் மனதில் பட்டதைத் தானே சொல்லும். எங்கோ ஓர் ஊரில் யாரோ பேசுவதை வாங்கிச் சொல்கிற பிழைப்பெல்லாம் அப்போது அதற்குக் கிடையாது.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஐப்பசி பிறந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவுவதற்குள் வானம் கறுத்துவிடும். அந்த ஊரில் பிரமாச்சி என்று ஒருத்தி இருந்தாள். தனி ஆள். கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். பேச்சுத் துணைக்கு அவளுக்கு இருந்தவை ஒரு கிரைண்டரும் ஒரு டெலிபோனும் ஒரு ரேடியோவும்தான்.

அவற்றில் ரேடியோவுக்குக் காது நீளம். காது நீளம் என்றால் நிஜமாகவே நீளம். ஓட்டு முகட்டிலிருந்து தென்னை மரம்வரை போகிற ஏரியல் கம்பிதான் அதன் காது. அதை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றை அது தெரிந்துகொள்ளும். அடுப்பைச் சுற்றி அனல் இருக்கிறதல்லவா, அதுபோல கரண்டு ஓடுகிற எந்தச் சாமானைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் இருக்கும். கிட்டப் போனால் பலமாக இருக்கும், இரண்டு முழம் தள்ளிப் போனால் தேய்ந்துவிடும். கிரைண்டர் ஓடும்போதெல்லாம் ரேடியோவுக்குக் காதுக்குள் குடைச்சல்.

"தாங்கள் சற்றுத் தள்ளி ஓடினால் நலமாக இருக்கும்" என்று அது முறையிடும்.

"நான் எங்க ஓடுதேன்? நட்டு வச்ச எடத்துலதான சுத்துதேன்?" என்று கிரைண்டர் சீறும். "உன் காதப் பஞ்ச வச்சு அடைல."

ரேடியோவின் பேச்சு எப்போதும் சபையில் பேசுகிற பேச்சுதான். பால் பொங்குகிறது என்று சொல்வதானாலும் முதலில் வணக்கம் வைக்கும். அது சொல்லி முடிப்பதற்குள் பால் அடுப்பை நனைத்திருக்கும். ஆனாலும் அந்தக் குரல் பிரமாச்சிக்குப் பிடித்திருந்தது. தனி வீட்டில் அப்படி ஒரு நிதானமான குரல் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

ஒருநாள் மதியம் ரேடியோவின் கம்பியில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. கிரைண்டரின் நடுக்கம் கசிந்து கசிந்து வருவது. இது அப்படியல்ல, மலைக்கு அந்தப்பக்கம் வெட்டிய மின்னல் மொத்தமாக ஒரே வீச்சில் வந்து அறைந்தது. இரண்டாவது அடி இன்னும் கிட்டத்தில். வானத்திலிருந்து வருகிறவனுக்கு நீளமான கம்பி என்றால் உயிர் என்பது ரேடியோவுக்குத் தெரியும். இந்த வீட்டில் தன் காதைவிட நீளமான கம்பி டெலிபோனுக்குத்தான். ஊர் முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் தாவி வருகிற கம்பி அது.

ரேடியோ வாயைத் திறந்தது.

"அன்பார்ந்த அம்மையீர், வணக்கம். மேற்கே மலைமுகட்டின் மீது தற்போது நிலவும் சூழ்நிலையை முன்னிட்டு, தாங்கள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் யாவை எனில்..."

பிரமாச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னதான் சொல்ல வருகிறது என்று நின்று கேட்டாள். வீடு முழுக்க வெள்ளையாகிப் போயிற்று. படாரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தால் டெலிபோன் இருந்த இடத்தில் உருகிய கறுப்புக் கட்டி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் முன்புவரை அத்தை மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வாய்.

"ஒரு வார்த்த வெரசலாச் சொல்லிருக்கக் கூடாதா, எய்யா?" என்றாள் பிரமாச்சி.

"சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்" என்றது ரேடியோ. சொன்ன பிறகு அதற்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே போகவில்லை. கருகிய வாடை சுவரை விட்டுப் போக மறுத்தது. வம்பளக்கிற கிரைண்டர் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தது.

"ஏல, சுச்ச அமத்திப் போட்டுட்டா நம்மள ஒண்ணும் செய்யாதுல்லா?"

"சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி ஒரு நெல் அளவுதான். வானத்திலிருந்து பூமிக்குத் தாவுகிறவனுக்கு அது ஒரு தாவலா?"

"அப்பம் என்னதான் செய்ய?"

"பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தள்ளிப் போட வேண்டும். மின்னல் தூரத்தில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும்."

"பிடுங்குததுக்கு எனக்குக் கை எங்கல இருக்கு?"

ரேடியோவுக்கும் கை கிடையாது. இருவரும் சுவரில் செருகிக் கிடந்தார்கள். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அந்த வீட்டில் கை இருந்தது பிரமாச்சிக்கு மட்டும்தான். அவளோ மழைக்காலம் முழுக்க மேகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனவள். ஒவ்வொரு மேகத்துக்கும் பிளக்கைப் பிடுங்கினால் மாவு எப்போது ஆட்டுவது? கிரைண்டர் ஓடும்போது தூரத்து இடிச் சத்தமும் அவள் காதில் விழாது.

"நீ கத்து. அவ ஓடி வந்து பிடுங்குவா" என்றது கிரைண்டர்.

ரேடியோ கத்திப் பார்த்தது. "ஐயகோ" என்று வந்தது. வேறு சமயமாக இருந்தால் கிரைண்டர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

ரேடியோவுக்குக் கத்தத் தெரியாமல் இல்லை. தன் கம்பியில் விழுகிற அடியை அது உள்ளே வாங்கி, ஆறவைத்து, அதன் பிறகே சொல்லாக மாற்றும். ஆறவைக்காமல் அப்படியே வெளியே விட்டால் பேசுகிற நரம்பு கருகிவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் தன் பேச்சு என்று ஒன்று இருக்காது. கிரைண்டரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்களிலேயே அந்த மதியம் வந்தது. கடைக்காரர்கள் மாவு கேட்டிருந்தார்கள். பிரமாச்சி ஈரத்தரையில் வெறுங்காலோடு குத்தவைத்து, ஓடுகிற கிரைண்டருக்குள் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மாவு. வெளியே காற்று நின்றுபோயிருந்தது. தென்னை ஓலை அசையவில்லை.

ரேடியோவின் கம்பியில் முதல் அடி விழுந்தது. மலைக்கு அந்தப்பக்கம்தான்.

"அம்மையீர், மின்னல் வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து கையை வெளியே எடுங்கள்." அதன் வாழ்நாளிலேயே மிகச் சுருக்கமான பேச்சு அதுதான்.

"இந்தா, எடுக்கேன் எய்யா. இந்த ஈடு முடியட்டும்" என்றாள் பிரமாச்சி, தலையைத் தூக்காமல். அவள்மேல் குற்றமில்லை. அந்தக் குரல் எதைச் சொன்னாலும் ஊரெல்லாம் நலம் என்றுதான் காதில் விழும். பயம் என்பதே அதில் கிடையாது.

இரண்டாவது அடி மலையின் இந்தப்பக்கம் விழுந்தது. அடுத்தது எங்கே விழும் என்று ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது. தென்னை உச்சியிலும் ஓட்டு முகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரம் ஏறிக்கொண்டிருந்தது. கரண்டுக் கம்பி வழியாக அவன் வருவான். கிரைண்டருக்குள் இறங்குவான். ஈர மாவுக்குள் பிரமாச்சியின் கை இருக்கிறது.

"ஏல, சொல்லுல! எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும், அவ கை உள்ள இருக்கு!" என்று கிரைண்டர் சுற்றிக்கொண்டே அலறியது. சுற்றுகிற இரைச்சலோடு இரைச்சலாக அந்த அலறல் கலந்துபோனதால், பிரமாச்சிக்கு அது தனியாகக் கேட்கவில்லை.

ரேடியோ பயந்தது. வாய் இல்லாமல் இனி ஆயுசுக்கும் எப்படிக் கிடப்பது என்று பயந்தது. அந்தப் பயத்தோடேயே, இரண்டாவதாக விழுந்த அந்த அடியை ஆறவைக்காமல், வணக்கம் வைக்காமல், ஒரு சொல்கூடச் சேர்க்காமல், விழுந்தது விழுந்தபடியே வெளியே விட்டது.

"கர்ர்ர்ரட்... கர்ர்ரக்!"

பிரமாச்சி அப்படி ஒரு சத்தத்தை அந்த வீட்டில் கேட்டதே இல்லை. பதறிப்போய்க் கையை உருவினாள். மாவுக்கையோடு பிளக்கைத் தொடப்போனவள் சட்டென்று நினைவு வந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, மரப்பலகை மேல் ஏறி நின்று கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அடுத்த நொடி ரேடியோவின் கம்பியையும் கழற்றிவிட ஓடினாள். பாதி வழியில் வீடு வெள்ளையாயிற்று.

காது அடைத்துப் போய்த் தரையில் கிடந்தவள் எழுந்து பார்த்தாள். கையும் காலும் அசைந்தன. கிரைண்டர் முழுசாக நின்றிருந்தது. ஏரியல் கம்பி மட்டும் தென்னையிலிருந்து சுவர்வரை இல்லாமல் போயிருந்தது. ரேடியோவின் முகத்தில் ஒரு கரிக்கோடு.

அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எய்யா, பேசு. எவ்வளவு நேரமானாலும் நின்னு கேக்கேன். வணக்கம் வச்சு மொதல்ல இருந்து சொல்லு."

அது பேசவில்லை. அதைப் பார்த்த கிரைண்டரும் வாயை மூடிக்கொண்டது. ஊரில் இருந்த மற்ற சாமான்களும் சேதி கேட்டுப் பயந்துபோய், மின்னலுக்குத் தங்கள் இருப்பிடம் தெரிந்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டன. பிரமாச்சியின் வீட்டில் அதற்குப் பிறகு பேசுவதற்கு அவளைத் தவிர ஆளில்லை.

அன்றைக்குப் பிறகுதான் ரேடியோ பிறர் பேச்சை வாங்கிச் சொல்கிறது. ஆனால் எங்காவது ஒரு மின்னல் வெட்டிவிட்டால் பாட்டோ செய்தியோ எதுவானாலும் நடுவில் விட்டுவிட்டு, இடிச் சத்தம் வந்து சேர்வதற்கு முன்பே கர்ரென்று கத்திவிடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மலையடிவாரத்துப் பெண்கள் எழுந்துபோய், ரேடியோவின் கம்பியை முதலில் கழற்றிவிட்டுத்தான் மற்ற பிளக்குகளைத் தொடுகிறார்கள்.