கட்டாந்தரையில் நான்கு முட்டைகள்

பேச்சு மனிதருக்கு மட்டும் என்று ஆகியிராத அந்தக் காலத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஒரு குளத்தில் பறவைகள் சபையாக வாழ்ந்தன. நாரை அவர்களுக்கு உபதேசியார். ஒற்றைக் காலில் நின்று நீண்ட ஜெபம் பண்ணுவார். மீனுக்காக ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பார். சபை அதைப் பொறுத்துக்கொண்டது.

அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. கீரி வருவதை யார் கண்டாலும் குரல் கொடுக்க வேண்டும். முட்டை யாருடையது என்று பார்க்கக் கூடாது.

ஆள்காட்டிக் குருவியும் அந்நாளில் எல்லோரையும் போலப் புதருக்குள்தான் முட்டையிட்டாள். மழை பொய்த்த ஒரு வருஷம், பக்கத்துப் புதரிலிருந்த கவுதாரியின் ஆறு முட்டைகளையும் கீரி தின்றுவிட்டது. ஆள்காட்டியின் நான்கும் தப்பின.

கவுதாரி கெட்டவள் இல்லை. காலிக் கூட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த புதரில் ஆள்காட்டி தன் முட்டைகளோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து தவிட்டுக்குருவிகளிடம் போனாள். அவர்கள் ஏழு பேர் சகோதரிகள். சருகைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஆள்காட்டி மதினிக்கு நாலு முட்டையும் முழுசா இருக்கு” என்றாள் கவுதாரி.

“ஆண்டவர் கிருபை” என்றாள் மூத்தவள்.

“கிருபைதான். கீரி அவ புதரைத் தாண்டித்தான் என் புதருக்கு வந்திருக்கு. சும்மா சொன்னேன்.”

“நாங்க யார்ட்டக்கா சொல்லப் போறோம்?”

சாயங்காலத்துக்குள், ஆள்காட்டி கீரியோடு பேசியதைக் கொக்கு பார்த்தான் என்று ஆயிற்று. மறுநாள் காலையில் அவளே கீரிக்கு வழி காட்டினாள் என்று ஆயிற்று. “பாவம், அவளுக்காக ஜெபிப்போம்” என்று சொல்லிச் சொல்லியே செய்தி குளத்தைச் சுற்றி வந்தது. ஆள்காட்டியின் காதுக்கு மட்டும் அது வரவில்லை. தான் தண்ணீருக்குப் போனால் பேச்சு நிற்பதை அவள் கவனித்தாள். வெயிலுக்கு எல்லோரும் களைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்துப் பட்டப்பகலில் கீரி மறுபடி வந்தது. ஆள்காட்டி கூட்டில் இல்லை. தவிட்டுக்குருவிகள் பார்த்தார்கள். கொக்கு பார்த்தான். கவுதாரியும் பார்த்தாள். தொண்டைக்கு வந்த குரலை விழுங்கிக்கொண்டாள்.

ஆள்காட்டி திரும்பி வந்தபோது ஓடுகள்தான் கிடந்தன. பட்டப்பகலில் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை என்றதும், தன்னைக் கண்டு பேச்சு நின்றது எதனால் என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் அசனம். சபையார் கொண்டுவந்ததை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஒரே பந்தியில் உண்ணும் நாள். பந்திக்கு முன் நாரை ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “யாருக்காவது யார் மேலாவது குறை உண்டா?” எல்லோரும் “இல்லை” என்பார்கள். பசி நேரம், சீக்கிரமாகவே சொல்வார்கள்.

“உண்டு” என்றாள் ஆள்காட்டி.

நாரை இரண்டு கண்ணையும் திறந்தார்.

“அம்மா, பந்தி முடியட்டும். பிறகு பேசுவோம்.”

“எனக்குப் பின்னால பேசிப் பேசித்தான் ஐயா என் முட்டை போச்சு. இப்பவே பேசணும்.”

“கீரிக்கு வழி காட்டினவளுக்குப் பேச்சைப் பாரு!” என்றாள் தவிட்டுக்குருவிகளில் ஒருத்தி.

“யார் பார்த்தா?”

“கொக்கு.”

“நான் எங்க பார்த்தேன்?” என்றான் கொக்கு. “நீ சொல்லித்தானே எனக்கே தெரியும்.”

ஏழு பேரும் கவுதாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்றாள் கவுதாரி. “கீரி எந்தப் பக்கமா வந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.”

ஆள்காட்டி நடந்து போய் அவள் முன்னால் நின்றாள்.

“மதினி, என் முட்டையப் பார்த்து உனக்கு வயிறு எரிஞ்சுதா?”



“எரிஞ்சுது” என்றாள் கவுதாரி.

“அத என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம்.”

பந்தியில் முணுமுணுப்பு எழுந்தது. அசனத்தைக் கெடுத்தவள் சபையை விட்டுப் போகட்டும் என்றார்கள்.

“போக மாட்டேன்” என்றாள் ஆள்காட்டி. “இனிமே புதருக்குள்ள முட்டையிடவும் மாட்டேன். அந்தா தெரியுதே கட்டாந்தரை, அங்கதான் இடுவேன். எண்ணிப் பார்க்கணும்னா பகல்ல வந்து எண்ணிப் பாருங்க. கீரி வந்தாலும் மனுஷன் வந்தாலும் அவன் மூஞ்சிக்கு நேராக் கத்துவேன். நீங்க எனக்காகக் கத்தல. நான் உங்க எல்லாருக்கும் சேர்த்துக் கத்துவேன்.”

“என் முட்டைக்குமா?” என்றாள் கவுதாரி.

“உன் முட்டைக்கும்தான். தள்ளி உட்காரு.”

கவுதாரி நகர்ந்து இடம் விட்டாள். ஆள்காட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கைத் தின்றாள். மற்றவர்கள் அன்று தங்கள் பங்கைத் தொடவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி மறைப்பில்லாத வெறுந்தரையில் முட்டையிடுகிறாள். வருகிறவன் யாரானாலும் அவன் தலைக்கு மேலேயே பறந்து கத்துகிறாள். கவுதாரி இன்றும் புதருக்குள்தான் இருக்கிறாள். அந்தக் குரல் கேட்டதும் முதலில் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்கிறவள் அவள்தான்.