யாரும் வார்க்காத ஐஸ்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த குருவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. அதனால் சீடர் குருவை 'அம்மா' என்பார், குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

ஆவுடையப்பன் வாலிபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். பாளம் பாளமாக ஐஸ் வார்ப்பது, 'பார்' என்கிற அந்தப் பாளத்தைத் தூக்குவது, உடைத்துப் படகில் ஏற்றுவது. அந்தக் குளிரில் விரல் நுனி மரத்துப்போனது மரத்துப்போனதுதான்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், மெல்லக் கேட்டார்.

"அம்மா, இந்த வெயில் காலத்துல பனிமலைய எங்க போனா பார்க்கலாம்?"

"என்ன திடீர்னு?"

"மனுசன் வார்த்த ஐஸைத்தான் ஆயுசு பூரா தூக்கினேன். யாரும் வார்க்காத ஐஸை ஒருதரம் பார்த்துரணும். இந்த முட்டி இன்னும் ஒரு மலைக்குத்தான் தாங்கும்."

குருவம்மை பதில் சொல்லவில்லை. மறுநாள் ரயிலுக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

சேதி கம்பெனிக்குப் போய்விட்டது. கூட வேலை பார்த்த லூர்து ரயிலடிக்கே வந்து நின்றான்.

"ஐஸ் பார்க்க டிக்கெட் எடுத்துப் போற ஒரே ஆளு நீருதான்வே. பார்க்காம மட்டும் வந்தீரு, கம்பெனி வாசல்ல தலைகாட்டக் கூடாது, ஆமா."

"பார்த்துட்டுத்தான்வே வருவேன்."

ரயில், பஸ், அப்புறம் ஜீப் என்று மாறி மாறி, வடக்கே ஒரு மலைமுகட்டில் போய் இறங்கினார்கள். பைன் மரங்கள், ஒரு டீக்கடை, கடை முன்னால் நீளநீளமான பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஊர் ஊராக வந்த சனம். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. வெயில் காலத்துப் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து, துவைக்காத வேட்டியை வானத்துக்குக் குறுக்கே கட்டிவிட்டது போல் இருந்தது.

"மலை அங்கதான் இருக்காம்," என்றார் குருவம்மை. அவருக்கு இந்தி தெரியும்.

"இருக்கட்டும். எனக்குத் தெரியணும்லா?"

மறுநாளும் அதே வேட்டி. அதற்கு மறுநாள் ஆவுடையப்பன் பொறுமை இழந்தார்.

"அம்மா, நாம தூரமா நிக்கோம். கிட்டப் போயிருவோம்."

"போவோமே."

பூரன் என்ற ஜீப்காரன் ஏற்றிக்கொண்டான். வளைந்து வளைந்து பள்ளத்தாக்கின் அடிவரைக்கும் போனார்கள். முட்டி குத்தியது. ஒரு ஆற்றங்கரையில் வண்டி நின்றது. எதிரே கன்னங்கரேலென்று ஒரு குன்று, மூக்கில் இடிக்கிற மாதிரி.

"பனி எங்கனம்மா?"

குருவம்மை பூரனிடம் கேட்டுச் சொன்னார். "இந்தக் குன்றுக்கு நேர் பின்னாடியாம்."

"பெறகு ஏன் தெரியல?"

"ரொம்பக் கிட்ட வந்துட்டோமாம், அண்ணாச்சி."

முகட்டுக்கே திரும்பினார்கள். வந்து உட்கார்ந்ததும் செல்போன் அடித்தது.

"என்னவே, பனி உருகிட்டா?" என்றான் லூர்து. பின்னால் கம்பெனியே சிரித்தது.

ஊர் திரும்பும் நாள் வந்தது. மத்தியானம் பூரனின் ஜீப்பில் இறங்கினால்தான் ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கருமேகம் திரண்டது. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. டீக்கடைத் தகரம் தடதடவென்று அதிர்ந்தது. சனங்கள் மழையைத் திட்டிக்கொண்டே வண்டிகளுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு வண்டியாக இறங்கியது. கடைசியில் பூரன் மட்டும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஆவுடையப்பன் மூட்டையைத் தூக்கினார்.

"எந்திரிங்கம்மா. புகை பத்தாதுன்னு மழையும் வந்துட்டு. நமக்கு எழுதி வச்சது அவ்வளவுதான்."

குருவம்மை தகரத்துக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்."

"இப்பமா?"

"ஐஸ் பாரை உமி போட்டு மூடி வைப்பீங்கல்லா? யாவாரி வந்து, பார் நல்லாருக்கான்னு காட்டச் சொன்னா என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? ரெண்டு வாளித் தண்ணிய மேல ஊத்தினா உமி பூரா..."

வாய் அப்படியே நின்றது.

மழையைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார். பூரனைப் பார்த்து, போ என்று கையை வீசினார். ஜீப் போயிற்று. அதோடு ரயிலும் போயிற்று.

காலடியில் உருண்டு வந்த ஓர் ஆலங்கட்டியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "மேலயே வார்த்து, மேலயே உடைச்சுப் போடுதான். கூலியாளே வேண்டாம்," என்றார். குருவம்மை சிரித்தார்.

மழை ஓய வெகுநேரமாயிற்று. மேற்கே வெயில் கிழித்துக்கொண்டு வந்தது. ஆவுடையப்பன் நான்கு நாளும் பார்த்திருந்த இடத்தையே கண் கொட்டாமல் பார்த்தார். நீலநீலமாக மலைகள் தெரிந்தன. பனி இல்லை.

"கொஞ்சம் மேல பாருங்க, அண்ணாச்சி."

தலையைத் தூக்கினார். மேகம் இருக்கவேண்டிய உயரத்தில் ஒரு வெள்ளை விளிம்பு. மேகம் என்றுதான் நினைத்தார். அது கலையவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை, புகையும் புழுதியும் கழுவி ஊற்றிய வானத்தில், ஆகாயத்தையே பாதி அடைத்துக்கொண்டு நின்றது யாரும் வார்க்காத ஐஸ். சாயங்கால வெயில் பட்டுப் பளபளவென்று மின்னியது.

ஐஸ் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஐஸ் உறைந்த தகரப்பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்துச் சாய்ப்பார்கள். பார் உடையாமல் முழுசாகச் சறுக்கி வெளியே வந்துவிட்டால், தூக்கினவன் தொண்டை கிழியக் கத்துவான். ஆவுடையப்பன் அந்த முட்டியோடு பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினார்.

"கழண்டுட்டோய்ய்!"

மலை திருப்பிக் கத்தியது. டீக்கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். பார்த்தார். பாஷை தெரியாமலேயே அவரும் கையைத் தூக்கி, "கழண்டுட்டோய்!" என்றார்.

ஆவுடையப்பன் போனை எடுத்தார்.

"வே லூர்து! பார்த்துட்டேன்வே!"

"நெசமாவா? எம்புட்டுப் பெரிய பாருவே?"

"நம்ம துறைமுகம் கொள்ளாதுவே! கடலே கொள்ளாது!"

கத்தி முடித்து, கீழே இறங்கி, குருவம்மைக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, எங்க போனா பார்க்கலாம்னு அன்னைக்கே கேட்டேன். நீங்க இன்னும் பதில் சொல்லலியே?"

குருவம்மை சுற்றிலும் பார்த்தார். ஆளில்லாத பெஞ்சுகளின் மேல் ஆலங்கட்டி கரைந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் எந்திரிச்சுப் போன எடத்துல, அண்ணாச்சி."