தேன்நெல்லிக் கடையும் மொட்டுவின் பயமும்

மழை ஓயாத ஒரு காட்டில், ஓடைக்கரையில் நின்ற நாவல் மரத்தில், செம்பி என்றொரு மலையணில் கடை வைத்திருந்தாள். மரத்தின் தாழ்ந்த கிளைதான் கடை. சுரைக்குடுக்கைகளில் தேன் ஊற்றி, அதில் நெல்லிக்காயை ஊறப்போட்டு விற்பாள். வாங்க வருகிறவர்கள் பதிலுக்கு ஏதாவது பழமோ கொட்டையோ கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பண்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. ஒரு முயலையும் ஓர் ஆமையையும் விட்டால் வாடிக்கை என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை.

அந்தக் காட்டில் செய்தி பரப்புவது மைனாக்களின் வேலை. காலையில் யார் வந்து எதைச் சொன்னாலும், பொழுது சாய்வதற்குள் காட்டின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கூலி கேட்காது. கேட்கச் சுவையாக இருந்தால் போதும். அந்தக் கூட்டத்தின் தலைவிக்குத் தம்பட்டம் என்று பெயர்.

செம்பி தம்பட்டத்திடம் போனாள். "என் கடையில் நல்ல தேன்நெல்லி கிடைக்கும் என்று சொல்லுங்கள்" என்றாள்.

தம்பட்டம் கொட்டாவி விட்டது. "போன வாரமும் இதைத்தானே சொன்னாய்? நெல்லி நல்லது, தேன் நல்லது என்றால் யார் நின்று கேட்பார்கள்? உன்னைப் பற்றி ஏதாவது சொல், செம்பி."

செம்பிக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும், தான் முதன்முதலாக நெல்லி ஊறப்போட்ட கதையைச் சொன்னாள். தேன் என்று நினைத்து மரப்பிசினை ஊற்றிவிட்டாள். ஒரு நெல்லியை எடுத்து வாயில் போட்டதுதான் தாமதம், மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன. இரண்டு நாள் ஒரு வார்த்தை பேச முடியவில்லை!

அன்று மாலை காடே சிரித்தது. மறுநாள் கடைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். "வாய் ஒட்டிக்கொண்ட அணில் நீதானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நெல்லியைத் தின்று பார்த்தார்கள். "அட, நன்றாக இருக்கிறதே!" என்று இன்னும் வாங்கினார்கள்.

செம்பிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள், தன் கணவன் காவி விடும் குறட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தாள்.

"குறட்டையையா சொன்னாய்?" என்று காவி காதைச் சொறிந்தான். "சரி போ. காட்டில் குறட்டை விடாதவன் யார்?"

இப்படியே ஒரு மாதம் போயிற்று. சொல்ல வேண்டிய கதையெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒரு நாள் காலை தம்பட்டம் கேட்டது: "இன்றைக்கு என்ன?"

செம்பி கையைப் பிசைந்தாள். அப்போது அவளுக்கு மகள் மொட்டுவின் நினைவு வந்தது.

மொட்டு சின்னஞ்சிறு அணில். மரத்திலேயே பிறந்தவள்தான். ஆனால் உயரம் என்றால் அவளுக்கு நடுக்கம். கூடு உச்சிக் கிளையில் இருந்தது. தினமும் மாலையில் செம்பிதான் அவளை வாயில் கவ்விக்கொண்டு மேலே போவாள். பகல் முழுவதும் மொட்டு கடைக் கிளையிலேயே உட்கார்ந்து, நெல்லிக்கொட்டைகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருப்பாள். ஒரு மழைநாளில் அம்மாவின் வாலுக்குள் புகுந்துகொண்டு, "கீழே பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா" என்று காதோடு காதாகச் சொல்லியிருந்தாள்.

"மரமேறப் பயப்படும் அணில் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது" என்றாள் செம்பி.

தம்பட்டம் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டது. "அடடே! இதுவல்லவா செய்தி!"

மறுநாள் பொழுது விடிவதற்குள் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மான் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, குரங்குக் கூட்டம் முழுவதும் வந்தது. செம்பி தேன் ஊற்றி ஊற்றிக் களைத்துப்போனாள். மதியத்துக்குள் எல்லாக் குடுக்கையும் காலி.

மொட்டு ஓர் இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாள். "அம்மா, நான் பயப்படுவது இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

"எல்லாரும் உன்மேல் ஆசையாகத்தானே வருகிறார்கள், கண்ணு! போ, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வா" என்றாள் செம்பி. அவள் கை அடுத்த குடுக்கையைத் தேடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் குரங்குகளுக்கு வெறுமனே பார்ப்பது அலுத்துப்போயிற்று. "ஏய் பயந்தாங்கொள்ளி! ஏறு பார்க்கலாம்!" என்று ஒன்று கத்தியது. "குதி! குதி!" என்று மற்றவை கைதட்டின. நெல்லி வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

மொட்டுவின் முகம் சுண்டிப்போயிற்று. அம்மாவைப் பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு மானுக்குத் தேன் ஊற்றிக்கொண்டிருந்தாள். மொட்டு பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தில் மேலே ஏறினாள். இரண்டாவது கிளை வந்தது, மூன்றாவது கிளை வந்தது. அங்கிருந்து எதிர்க் கிளைக்குத் தாவினாள்.

கால் எட்டவில்லை.

இலைகளின் ஊடே சரசரவென்று விழுகிற சத்தம் கேட்டுத்தான் செம்பி திரும்பினாள். குடுக்கை கைநழுவிக் கீழே கிடந்த கல்லில் விழுந்து உடைந்தது. நல்லவேளை, ஓடைக்கு மேலே பின்னிக் கிடந்த கொடி மொட்டுவைத் தாங்கிக்கொண்டது. அதற்கு ஒரு முழம் கீழே மழைத்தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. செம்பி பாய்ந்து போய்க் குழந்தையை வாயில் கவ்வி எடுத்தாள்.

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு குரங்கு ஆவலாகக் கேட்டது: "இதையும் நாளைக்குச் சொல்வாயா?"

செம்பி குழந்தையோடு நேரே கூட்டுக்கு ஏறிவிட்டாள். அன்றைக்குக் கடை அத்தோடு முடிந்தது.

கூட்டில் மொட்டு அழவில்லை. சிராய்த்த காலை நக்கிக்கொண்டே சொன்னாள்: "அது என் பயம், அம்மா. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்."

காவி மனைவியைப் பார்த்தான். செம்பி மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தப்புதான், கண்ணு. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு" என்றாள்.

காலையில் தம்பட்டம் தானே தேடிக்கொண்டு வந்தது. "குட்டி விழுந்தாளாமே! உன் வாயால் கேட்டால் இன்னும் சுவையாக இருக்கும். சொல், சொல்!"

"சொல்ல மாட்டேன். முன்னே சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முடியுமா?"

"நன்றாக இருக்கிறது! காடு முழுவதும் போய்ச் சேர்ந்ததை நான் எங்கே போய்ப் பொறுக்குவது?" என்றது தம்பட்டம். "ஆனால் ஒன்று. மேற்கொண்டு புதிதாக எதுவும் வராவிட்டால், பத்து நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்."

"அப்படியானால் பத்து நாள் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள் செம்பி.

அவளும் காவியுமாகக் குடுக்கைகளையெல்லாம் ஓடைக்கு அக்கரையில் இருந்த பாறைக்குக் கொண்டுபோனார்கள். இனிமேல் கடை அங்கேதான். நாவல் மரம் வீடாக மட்டும் இருந்தது.

மொட்டுவைப் பார்க்க வந்தவர்கள் பாறையில் அவளைக் காணாமல் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். குரங்குகள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, வேறு வேடிக்கை தேடிப் போய்விட்டன. கூட்டம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனால் மான் தவறாமல் வந்தது. முள்ளம்பன்றி தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தது. நெல்லியின் ருசி பிடித்துப்போனவர்கள் யாரும் வருவதை நிறுத்தவில்லை.

பதினோராம் நாள் செம்பி மைனாக்களிடம் மறுபடியும் போனாள். தேன் குடுக்கைக்குள் எறும்புப் படையே இறங்கியதையும், அவற்றை விரட்டப் போய்த் தானே குடுக்கைக்குள் தலை மாட்டிக்கொண்டதையும் சொன்னாள். காடு மறுபடியும் சிரித்தது. மறுநாள் கடைக்குப் புதிதாக மூன்று பேர் வந்தார்கள். செம்பிக்கு அது போதுமாக இருந்தது.

யாரும் பார்க்காத நாவல் மரத்தில், மொட்டு தினம் ஒரு கிளையாக ஏறிப் பழகினாள். பயம் வந்தால் இறங்கிவிடுவாள். மறுநாள் மறுபடியும் ஏறுவாள். மழை விட்ட ஒரு மாலையில் செம்பி கடையை எடுத்துவைத்துவிட்டு வந்தபோது, பழைய கடைக் கிளையில் மொட்டுவைக் காணவில்லை. பதறிப்போய் அண்ணாந்து பார்த்தாள். கூட்டுக்குப் பக்கத்தில், உச்சிக் கிளையில், ஒரு சின்ன வால் ஆடிக்கொண்டிருந்தது.

செம்பி ஒரே ஓட்டமாக மேலே ஏறினாள். மகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள்.

"காலையில் போய்ச் சொல்லப்போகிறாயா, அம்மா?" என்று மொட்டு கேட்டாள்.

சொல்ல வேண்டும் என்று செம்பிக்கு நாக்கு துறுதுறுத்தது. அப்படியொரு செய்தி அவள் கடைக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. "நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் இல்லை" என்றாள்.

மொட்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம். அப்பா வரட்டும். அவரிடம் நானே சொல்கிறேன்."

இருவரும் வால்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, காவி வருகிற வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நீதி: உன் கதையைச் சொல்லிக் கடையை வளர்க்கலாம்; ஆனால் உன்னை நம்பிச் சொன்னவரின் கதையை, அவரைக் கேட்காமல் கடைக்குக் கொண்டுவராதே.