மோட்டார் ரூம் வரைக்கும்

கோடை லீவு விட்டதும் தூத்துக்குடியில் ஒரு நீச்சல் குளத்தில் பிள்ளைகள் டீம் கூடும். பள்ளிக்கூடம் திறக்கிறவரைக்கும் தினமும் காலையில் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் பெனிட்டா. இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. கழுத்தில் விசில், தலையில் வெயிலுக்கு ஒரு துண்டு. பேச்சு குறைவு. பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றவர்களும் அவளை மிஸ் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் செண்பகவல்லி தன் ஒன்பது வயது மகள் நித்திலாவைக் கொண்டுவந்து சேர்த்தாள். செண்பகவல்லிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். குடத்தில் வந்த தண்ணீரோடு வளர்ந்தவள். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷமாகியும் கடலைத் தள்ளி நின்றுதான் பார்ப்பாள். குளத்தின் ஆழப் பக்கத்தைக் கண்டதும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

முதல் நாளே ஒரு காரியம் செய்தாள். குளத்து மருந்துத் தண்ணீரில் மகளின் முடி கெட்டுவிடக் கூடாது என்று உச்சியில் தேங்காய் எண்ணெயை ஊற்றி நன்றாகத் தேய்த்து அனுப்பினாள். நித்திலா தலையை முக்கினாள். நீச்சல் தொப்பி வழுக்கிக்கொண்டு தனியாகப் போயிற்று. பின்னாலேயே நீச்சல் கண்ணாடியும் போயிற்று.

"அக்கா, பிள்ளைக்கு எண்ணெய் வச்சீங்களா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"கொஞ்சூண்டுதான் மிஸ்."

பெனிட்டா குளத்தைக் காட்டினாள். நித்திலாவைச் சுற்றி எண்ணெய் பளபளவென்று படர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற சுலைஹா எட்டிப் பார்த்தாள். அவள் மகள் மர்ஜானாவும் அதே டீம்தான்.

"அடுப்பைப் பத்தவச்சா வடை சுட்டுரலாம் போலயே," என்றாள் சுலைஹா.

எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கே சுலைஹாவிடம் ஒட்டிக்கொண்டாள்.

மறுநாள் எண்ணெய் இல்லாமல் மகளைக் கூட்டி வந்தாள். பெனிட்டாவிடம் போய் நின்றாள்.

"மிஸ், நான் எங்க நிக்கணும்?"

"அந்தா, நிழல்ல பெஞ்சு கிடக்கு அக்கா."

செண்பகவல்லி போய் உட்கார்ந்தாள். பெஞ்சு சூடாவதற்குள் எழுந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அதுவே பழக்கமாயிற்று. நித்திலா தண்ணீரில் நீந்தினால் செண்பகவல்லி கரையில் கூடவே நடப்பாள். "காலை உதறு. மூச்சு விடு. கையை நல்லா நீட்டுட்டி. நான் இங்கதான் நிக்கேன்." நித்திலா மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அம்மாவின் பச்சைச் சேலை தெரியும்.

குளத்தின் அந்தக் கரையில் பாதி தூரத்தில் ஒரு மோட்டார் ரூம். அதன் சுவர் தண்ணீர் ஓரம்வரை வந்து நிற்கும். யாரும் அங்கே நேராக நடக்க முடியாது. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். செண்பகவல்லி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடுவாள். அவள் மறுபக்கம் வந்து சேர்வதற்குள் நித்திலா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். லேன் பிரிப்பதற்காகக் குளத்தின் நீளத்துக்கும் கட்டிய கயிறு அது.

தினமும் அதே இடம்தான்.

"கால்ல பலமில்லை," என்று செண்பகவல்லி முடிவு கட்டினாள். காலையில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, இரண்டு உருண்டை கொடுத்தாள்.

"அம்மா, களி வயித்துக்குள்ள குதிக்கு," என்றாள் நித்திலா.

"குதிச்சா குதிக்கட்டும். பலம் வருதுன்னு அர்த்தம்."

சுலைஹா கேட்டுக்கொண்டே இருந்தாள். "களியைத் தின்னுட்டுத் தண்ணியில இறங்குனா நங்கூரம் போட்ட மாதிரில்லா இருக்கும். அப்புறம் பிள்ளை எங்கன நகரும்?"

களி நின்றது. கயிற்றைப் பிடிப்பது நிற்கவில்லை. தன் சேலை மறைகிற இடத்தில்தான் பிள்ளை பிடிக்கிறாள் என்று செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

லீவு முடியப்போகிற சமயம் பெனிட்டா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை போட்டி. கயித்தைப் பிடிக்காம ஒரு நீளம் முழுசா நீந்துற பிள்ளைங்க வருஷம் முழுக்க டீம்ல இருக்கலாம். மத்தவங்க திரும்ப சின்னக் குளத்துல படிச்சுட்டு வரணும்."

நித்திலா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே நடந்தாள். வாசலுக்கு வந்ததும் சொன்னாள்.

"சின்னக் குளத்துல தண்ணி என் முட்டிக்குத்தாம்மா வருது. அங்க எல்லாம் பாப்பாக்கள். ஒருத்தன் வாத்து டயர் போட்டுக்கிட்டு வாரான்."

"நீ அங்க போக மாட்ட."

"கயித்தைப் பிடிச்சிட்டா?"

செண்பகவல்லி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பெனிட்டாவைத் தனியாகப் பிடித்தாள்.

"மிஸ், மோட்டார் ரூமை இடிக்க முடியாது. எனக்குத் தெரியும். எதிர்க் கரையில நடக்கட்டுமா? அங்க கேலரி இருக்கு, வழி இல்லை. இல்லைன்னா ஒரு ஸ்டூல் போட்டு மோட்டார் ரூம் மேல ஏறி நிக்கட்டுமா? நான் எங்கதான் நிக்கணும், சொல்லுங்க."

பெனிட்டா கேன்டீன் பக்கம் கையைக் காட்டினாள்.

"அக்கா, கேன்டீன்ல டீ சொல்லியிருக்கேன். எடுத்துட்டு வந்துருதீங்களா? ஆறு கிளாஸ்."

இதென்ன, கேட்டதற்குப் பதில் இல்லையே என்று நினைத்தாலும் செண்பகவல்லி போனாள். ஆறு கிளாஸையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கினாள். வீட்டு விசேஷங்களில் இருபது கிளாஸ் தூக்கின கை அது.

கேன்டீன் வாசலில் பெனிட்டா நின்றிருந்தாள். கூடவே நடக்க ஆரம்பித்தாள்.

"பாத்து அக்கா. தரை ஈரம்."

"சரி மிஸ்."

"வலது கை தாழுது. தூக்குங்க. ரொம்ப இல்லை. அந்த ஓரத்து கிளாஸ் ஆடுது. அதைப் பாருங்க. காலையும் பாருங்க. மூச்சு விடுங்க. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்."

செண்பகவல்லி கிளாஸைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பெனிட்டாவைப் பார்த்தாள். தட்டு சாய்ந்தது. டீ தட்டில் வழிந்து, முழங்கையில் இறங்கி, சேலையில் சொட்டியது.

"நீங்க சும்மா வந்திருந்தா நான் ஒரு பொட்டு சிந்தாமக் கொண்டாந்திருப்பேன் மிஸ்," என்றாள் கோபமாக.

"ஆமாக்கா," என்றாள் பெனிட்டா. பாதி டீ இருந்த கிளாஸ் ஒன்றை எடுத்துக் குடித்துக்கொண்டே குளத்துப் பக்கம் போய்விட்டாள்.

செண்பகவல்லி ஈரத் தட்டோடு அங்கேயே நின்றாள்.

அடுத்த நாள் அவளாகவே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். நித்திலா நீந்தினாள். மோட்டார் ரூம் பக்கம் வந்தாள். தலையைத் தூக்கினாள். "அம்மா" என்றாள்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் செண்பகவல்லி கரை ஓரத்தில் நின்றிருந்தாள். நித்திலா கயிற்றில் தொங்கினாள்.

"கால் தானாப் போயிருச்சு மிஸ்," என்றாள் செண்பகவல்லி. "புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலை."

"பரவால்லக்கா," என்றாள் பெனிட்டா. "காலுக்கு ஒரு வேலை குடுப்போம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேலரியில் தாத்தா பாட்டிகள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். கொடி கட்டி, மைக் வைத்து, குளம் திருவிழா மாதிரி இருந்தது.

போட்டியில் நேரம் பார்ப்பது பெற்றவர்களின் வேலை. நீந்தி முடிக்கிற சுவர் ஓரமாக லேனுக்கு ஒருவர் ஸ்டாப் வாட்ச்சோடு நிற்க வேண்டும். தன் பிள்ளை வருகிற லேனில் மட்டும் நிற்கக் கூடாது. அங்கே அதுதான் வழக்கம். பெனிட்டா ஒரு வாட்ச்சைச் செண்பகவல்லியின் கையில் வைத்தாள்.

"ஐயோ மிஸ், எனக்கு இதெல்லாம் வராது. நான் எட்டாங்கிளாஸோட நின்னவ."

"விசில் சத்தம் கேட்டா ஒரு அமுக்கு. பிள்ளை கை சுவத்தைத் தொட்டா இன்னொரு அமுக்கு. குக்கர் விசிலை எண்ணுறதை விட லேசு."

"நித்திலா எந்த லேனு?"

"நாலு. நீங்க ரெண்டு."

"ரெண்டுல யாரு வாரா?"

"எம்பிள்ளை," என்றாள் சுலைஹா. அவள் கையிலும் ஒரு வாட்ச் இருந்தது. "நாலுல நான் நிக்கேன். அக்கா, கண்ணை எடுத்துராதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். போன வருஷம் அவ லேன்ல நின்ன மனுசன் போனைப் பாத்துக்கிட்டு நின்னுட்டாரு. இவ தொட்டு முடிச்சு, கண்ணாடியைக் கழட்டி, முகத்தைத் துடைச்சதுக்கப்புறம்தான் அமுக்குனாரு. மூணு நாள் சோறு திங்கலை எம்பிள்ளை."

செண்பகவல்லி வாட்ச்சை இறுக்கிப் பிடித்தாள். எதிர்முனையில் ஆறு சின்னத் தலைகள் வரிசையாக நின்றன. நாலாவது தலை மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நித்தி" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

விசில் சத்தம் கேட்டது. அமுக்கினாள்.

பிள்ளைகள் குதித்தார்கள். கேலரி முழுக்க ஒரே கூச்சல். செண்பகவல்லி இரண்டாவது லேனையே பார்த்தாள். மர்ஜானாவின் சிவப்புத் தொப்பி தண்ணீரில் ஏறி இறங்கி வந்தது. எவ்வளவு அழகாகக் கையை வீசுகிறது இந்தப் பிள்ளை என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே, நாலாவது லேனில் என்னமோ என்று மனம் அடித்துக்கொண்டது. கேலரியில் யாரோ "ஏ, ஏ, ஏ" என்றார்கள். எந்தப் பிள்ளைக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

மூன்று நாள் சோறு தின்னாத பிள்ளை சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி குனிந்தாள். சிவப்புத் தொப்பி, சின்னக் கை, ஈர விரல்கள். விரல் சுவரில் பட்டது. அமுக்கினாள்.

நேரத்தை எழுதிக்கொள்கிறவர் வந்தார். எண்ணை இரண்டு தரம் வாசித்துச் சொன்னாள். முதல் தரம் வாட்ச்சைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவர் நகர்ந்தபிறகுதான் திரும்பினாள்.

நாலாவது லேனின் சுவரைப் பிடித்துக்கொண்டு நித்திலா இருமிக்கொண்டிருந்தாள். இருமிக்கொண்டே சிரித்தாள். சுலைஹா தரையில் மண்டியிட்டு அவள் தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கயித்தைப் பிடிச்சாளா?" என்றாள் செண்பகவல்லி.

"கயிறா? அப்படி ஒண்ணு கிடந்ததே அவ கண்ணுக்குத் தெரியலை," என்றாள் சுலைஹா. "கேளுங்க அக்கா. மோட்டார் ரூம் பக்கம் வந்ததும் தலையைத் தூக்குனா. அங்க பாத்தா, இங்க பாத்தா. ஒரு வாய் தண்ணி குடிச்சா. எனக்கு உசிரு போயிருச்சு. அப்புறம் மூஞ்சியைச் சுளிச்சா பாருங்க, அப்படியே நீங்க கோவப்படுற மாதிரி. தலையை உள்ள போட்டா, அடி அடின்னு அடிச்சுக்கிட்டு வந்து சேந்துட்டா. கடைசிதான். அதுக்கென்ன. எம்பிள்ளை எப்படி வந்தா? நான் பாக்கவே இல்லை."

"ஐயோ, அவ கை வீசுறதை நீங்க பாத்திருக்கணும்," என்றாள் செண்பகவல்லி. சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தொப்பி ஏறி இறங்கினதைச் சொன்னாள். விரல் பட்டதைச் சொன்னாள். வாட்ச்சை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சுலைஹாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தரம் சொல்லுங்க அக்கா," என்றாள்.

நித்திலா ஏறி வந்து ஈரத்தோடு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நான் தொட்டதைப் பாத்தியா?"

"இல்லட்டி."

"பரவால்ல, நானே சொல்லுதேன்," என்று ஆரம்பித்தாள். பாதியில் மர்ஜானா கூப்பிட்டதும், மீதியை அப்படியே விட்டுவிட்டு இருவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினார்கள்.

கூட்டம் கலைந்தது. செண்பகவல்லி வாட்ச்சைக் கொடுப்பதற்காக நாலாவது லேனின் சுவர் ஓரத்திலேயே காத்திருந்தாள். பெனிட்டா வந்து வாங்கிக்கொண்டாள்.

"மிஸ்."

"சொல்லுங்கக்கா."

"சந்தோஷம்தான். ஆனா மனசு கேக்கலை. பாதி வழியில பிள்ளை என்னைத் தேடியிருக்கா. தண்ணி குடிச்சிருக்கா. அந்த நேரத்துல நான் அங்க இல்லையே."

"ஆமா. தேடுனா. நானும் பாத்தேன்."

"அவ தேடுன இடத்துல நான் இல்லாமப் போயிட்டேனே மிஸ்."

பெனிட்டா வாட்ச்சின் கயிற்றைச் சுற்றி மடித்தாள்.

"தேடிட்டு எங்கக்கா வந்து சேந்தா?"

"நான் நின்ன இந்தச் சுவத்துக்குத்தான் மிஸ்," என்றாள் செண்பகவல்லி. தன் காலடியில் நாலாவது லேனின் சுவரை ஒட்டித் தண்ணீர் இன்னும் அலம்பிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.