சிலுவைக்கும் முகத்துக்கும் நடுவே

அந்த ஊர் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் பிரபுவின் முகம், மறுபக்கம் ஆயரின் சிலுவை. அரண்மனையும் திருச்சபையும் கூட்டாகக் காசு அடித்தன. வேறெதிலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. லாபத்தைப் பங்கு போடுவதில் மட்டும் தகராறே வந்ததில்லை.

புதுக்காசு வெளிவருமுன் நாணயச்சாலைத் தலைவன் பலிபீடத்தில் வலது கையை வைத்து, “இது சுத்த வெள்ளி” என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்யென்று தெரிந்தால் அந்தக் கையை வெட்டிவிடுவார்கள்.

சத்தியத்துக்கு முந்தைய நாள், தலைவன் ரைனர் மடத்துச் சமையற்கட்டுக்குள் வேகமாக வந்தான். அவனுடைய குரு ஓத்மார் சாமி கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“உட்கார்.”

“உட்கார முடியலை சாமி. காசிலே செம்பு கலந்திருக்கு.”

“பார்த்தால் தெரியவில்லையே?”

“புளிச்ச காடியிலே ஊறவெச்சா மேலே இருக்கிற செம்பு கரைஞ்சு வெள்ளிதான் தெரியும்.”

“யார் கலக்கச் சொன்னது?”

“பிரபுவைக் கேட்டா, ஆயருக்குச் சம்மதம்தான்னார். ஆயரைக் கேட்டா, பிரபுவோட விருப்பம்னார். மாட்டேன்னா வேலை போயிடும். நாலு பிள்ளைங்க சாமி.” அவன் கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்தான். “நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பாவம் யாரைச் சேரும்? பிரபுவையா, ஆயரையா?”

“காசு வைத்திருக்கிறாயா?”

ரைனர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பளபளவென்று நல்ல காசாகத்தான் இருந்தது.

சாமி அதைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தார். பிரபுவின் மூக்கு போனது, பிறகு முகமே போனது.

“சாமி! பிரபு முகத்தை அழிச்சா ராஜத்துரோகம்!”

சாமி காசைத் திருப்பினார்.

“ஐயோ, அது சிலுவை!”

அவர் பாட்டுக்குத் தேய்த்தார். பிறகு காசை விரல்களுக்கிடையில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் சிவந்திருந்தன.

“முகம் போய்விட்டது. சிலுவையும் போய்விட்டது. மிச்சம் இருக்கிற இந்தச் சிவப்பு யாருடையது?”

ரைனரின் நடை நின்றது. தன் வலது கையைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

“அந்தச் செம்பு... நான் போட்டது சாமி.”

ஓத்மார் சாமி மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

“சத்தியம் உனக்கு நன்றாகத்தான் வருகிறது. நாளைக்கும் இதையே சொல்.”