பட்டு நூலால் இழுத்துக் கட்டிய முகம்

கதை கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மழை பெய்தாலும் பொய்த்தாலும் அரசன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சனங்கள் நம்பியிருந்த காலம் அது. அந்தக் காலத்தில், ஏரிப் பாசனத்தில் விளைந்து செழித்த கோடைமங்கலம் என்ற நாட்டை இளவெயினன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

நல்ல அரசன்தான். குறை என்று வந்தவரை அவன் பாதியில் நிறுத்தியதில்லை. அநியாயத்தைக் கேட்டால் அவன் புருவம் நெரியும். துக்கத்தைக் கேட்டால் வாயோரம் இறங்கும். வேடிக்கையைக் கேட்டால் கண்ணோரம் மடியும். வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். எதிரே இருப்பவர் கேட்கிறார் என்று தெரிந்தால் பேச்சு தானாக வந்துவிடும் அல்லவா?

இப்படியே நெரிந்தும் இறங்கியும் மடிந்தும் அந்த முகத்துக்கு ஐம்பது வயதும் தாண்டிவிட்டது.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன், சுனைநீர் போலத் தெளிந்த கண்ணாடி ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். அதுவரை அரசன் முகம் பார்த்ததெல்லாம் வெண்கலத் தகட்டில்தான். வெண்கலத்துக்கு இரக்கம் உண்டு, பாதியை மறைத்துவிடும். புதுக் கண்ணாடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. நெற்றியில் ஆழமாகக் கோடுகள். கண்ணோரம் விசிறிபோல் கோடுகள். கழுத்தில், உழுதுபோட்ட வயல்போலக் கோடுகள்.

அரசன் தன் முகத்தைத் தடவிப் பார்த்தான். அரசி அல்லியங்கோதையைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இவை வந்து எத்தனையோ காலம் ஆகிறது," என்றாள் அரசி. "நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்குத்தான் இன்றைக்குச் சேதி வந்திருக்கிறது."

அரசனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அமைச்சர் கண்ணந்தையைக் கேட்டான். சுருக்கமா, எங்கே என்று அவர் தேடத் தொடங்கினார். வெகுநேரம் தேடியும் அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பதில் பிடித்திருந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. கடைசியாக அரண்மனை வைத்தியரைக் கேட்டான். வெயிலில் போகும்போது குடை பிடிக்கலாம், இரவில் நன்றாகத் தூங்கலாம், தோல் வறண்டால் எண்ணெய் தடவலாம், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். இவ்வளவு மலிவான வைத்தியம் எப்படிப் பலிக்கும் என்று அரசன் அவரை அனுப்பிவிட்டான்.

மறுநாள் ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். அரசனின் முகத்தை இளமையாக்குகிறவருக்குக் கேட்டது கிடைக்கும் என்று அறிவித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் லேப வைத்தியர். முத்தை அரைத்து, நத்தையின் கோழையில் குழைத்து, கழுதைப்பால் விட்டு அரசனின் முகத்தில் அப்பினார். காயும்வரை சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, ஈ உட்கார்ந்தால் ஓட்டவும் கூடாது என்றார். ஈக்கள் நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. லேபத்தை உரித்தபோது தோலும் சேர்ந்து உரிந்து, முகம் சட்டை கழற்றும் பாம்பைப் போல ஆனது. உரிந்தது பழைய முகம், புதிய முகம் வழியில் வந்துகொண்டிருக்கிறது என்றார் வைத்தியர். அது வந்து சேரவேயில்லை. அவர் மட்டும் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் தேனீ வைத்தியர். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு தேனீயை வைத்துக் கொட்ட வைத்தார். முகம் பூசணிக்காய் போல வீங்கியது. வீங்கிய இடத்தில் ஒரு கோடும் இல்லை. அரசன் கண்ணாடி கேட்டான், ஆனால் கண் திறக்கவில்லை. கண் திறந்து பார்க்க முடிந்தபோது வீக்கம் வடிந்திருந்தது, கோடுகள் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருந்தன. வாரம் தவறாமல் கொட்ட வைத்தால் போதும் என்று வைத்தியர் சொன்னார். அரசனுக்கு அழுகை வந்தது.

கடைசியாக வந்தவர் முடிச்சு வைத்தியர். மருந்து இல்லை, பத்தியம் இல்லை, வலியும் அதிகம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நெற்றியோரமும் காதோரமும் பிசின் வைத்துப் பட்டு நூல்களை ஒட்டினார். அவற்றைப் பின்னுக்கு இழுத்து, உச்சியில் சேர்த்து முடிந்து, முடிச்சின்மேல் மகுடத்தை வைத்தார்.

அரசன் கண்ணாடியைப் பார்த்தான். நெற்றி பனையோலை நறுக்கு போல வழவழப்பாக இருந்தது. கன்னம் பளபளத்தது. வாயின் இரு ஓரமும் மேலே ஏறி, முகத்தில் ஓர் இளநகை நின்றது. முப்பது வருடம் பின்னால் போய்விட்டதாகவே அவனுக்குத் தோன்றியது.

கண்ணை முழுதாக மூட முடியவில்லை என்பதும், உதட்டைக் குவித்துப் பேசினால் காற்றுத்தான் வருகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதனால் என்ன? பேச அமைச்சர் இருக்கிறார்.

அரசவை மெய்சிலிர்த்துப் போனது. மறுநாளே கண்ணந்தை உச்சியில் முடிச்சோடு வந்தார். அதற்கு மறுநாள் படைத்தலைவர். பிறகு புலவர்கள், கணக்கர்கள், வாயிற்காப்போர் எல்லோரும். மூடாத கண்களும் மாறாத புன்னகையுமாக அவை நிறைந்திருந்தது. ஒருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாமல் போனது. அது அரசவைக்கு வசதியாகவும் இருந்தது.

அரசி மட்டும் அவனோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டாள். யாரோ விருந்தாளி வந்திருப்பதுபோல் இருக்கிறது, கூச்சமாக இருக்கிறது என்று தோழியிடம் சொல்லி அனுப்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓடைக்குறிச்சியிலிருந்து கயலாள் என்ற பெண் வந்தாள். நாட்டின் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த ஊர் அது. போன மழையில் ஏரிக்கரைக் கசிவை அடைக்கப் போன அவள் கணவனை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஊரார் சேர்ந்து அவளைப் பேச அனுப்பியிருந்தார்கள்.

"மகாராசா, ஏரிக்கரை இந்த மழைக்குத் தாங்காது," என்று தொடங்கினாள். "போன வருசம் என் வீட்டுக்காரரை அந்தத் தண்ணிதான் கொண்டுபோச்சு. அவரு இறங்கின இடத்தில..."

அரசனுக்குத் துக்கம் பொங்கியது. உண்மையாகவே பொங்கியது. எந்த இடம் என்று கேட்க வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. புருவத்தை நெரிக்கப் பார்த்தான், நூல் விடவில்லை. தன் துக்கம் கண்ணில் தெரிந்துவிடும் என்று நினைத்து அவளையே பார்த்தான்.

கயலாள் தலை நிமிர்ந்தாள். அவள் கண்டது அகலத் திறந்த கண்களும் மேலேறிய வாயும்தான். சுற்றிலும் பார்த்தாள். அமைச்சர் புன்னகைத்தார். படைத்தலைவர் புன்னகைத்தார். கதவருகே நின்ற காவலன்கூடப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

அவள் பேச்சை நிறுத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புருசன் செத்ததைச் சொன்னாச் சிரிக்கிற இடம் இதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அரசன் துடித்துப்போனான். எழுந்து கூப்பிட வேண்டும் என்று நினைத்தான். பக்கத்தில் நின்ற முடிச்சு வைத்தியர் குனிந்து, இப்போது அசைந்தால் பிசின் விட்டுவிடும் என்று காதில் சொன்னார். அடுத்த வாரம் அண்டை நாட்டு அரசர்கள் விருந்துக்கு வருகிறார்கள், அவன் இளமையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். விருந்து முடியட்டும், அவளைக் கூப்பிட்டுப் பேசலாம், கரையையும் பார்க்கலாம் என்று அரசன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உட்கார்ந்தே இருந்தான். அவன் செய்த பிழை அதுதான், மற்றதெல்லாம் வெறும் கூத்து.

விருந்துக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

விட்டுவிட்டுப் பெய்த மழை ஒரு விடியற்காலையில் விடாமல் பெய்யத் தொடங்கியது. ஏரி தளும்புகிறது, கரையில் எங்கோ நீர் கசிகிறது, ஊரார் மண் வெட்டாமல் வண்டி கட்டுகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். ஏன் என்று அமைச்சர் சைகையில் கேட்டார். சிரிக்கிற ராசாவுக்காக இன்னொருத்தனைச் சாகக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள் என்றான் வந்தவன்.

கரை உடைந்தால் ஓடைக்குறிச்சி மட்டுமா போகும்? தலைநகரம்வரை எல்லா வயலும் போய்விடும். அரசன் குதிரையேறினான். மகுடம் நனைய, நூல் விறைக்க, புன்னகை மாறாமல் மழைக்குள் போனான்.

ஓடைக்குறிச்சியில் பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரசன் வந்ததைப் பார்த்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தார்கள். அப்படியே திரும்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நில்லுங்கள் என்று அவன் சொன்னது மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயலாள் ஒருத்திதான் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில்தான் அரசன் முதல்முறையாகத் தன் முகத்தைச் சரியாகக் கண்டான்.

குதிரையிலிருந்து இறங்கினான். மகுடத்தைக் கழற்றிச் சேற்றில் வைத்தான். ஒருவர் இடுப்பிலிருந்த அரிவாளை வாங்கி, உச்சி முடிச்சை அறுத்தான். காதோரத்து நூல்களைப் பிடித்து இழுத்தான். பிசினோடு தோலும் வந்து இரத்தம் வழிந்தது.

முகம் சரிந்தது. நெற்றியில் கோடுகள் விழுந்தன. கன்னம் தொங்கியது. இழுத்து இழுத்துத் தளர்ந்துபோன தோலில், முன்பு இருந்ததைவிட அதிகமாகச் சுருக்கங்கள் விழுந்தன. இளவெயினன் அன்றுவரை இருந்ததைவிடப் பத்து வயது கூடியவனாக மழையில் நின்றான்.

"அன்றைக்குப் பாதியில் விட்டுவிட்டாய், தாயே," என்றான். குரல் இப்போது தெளிவாக வந்தது. "அவன் இறங்கின இடம் எது? மீதியையும் சொல்."

அவன் வாயோரம் இறங்கி நடுங்குவதை அவள் பார்த்தாள். பிறகு சொன்னாள். பெரிய மதகுக்கு வடக்கே, பழைய புளியமரத்து வேர் போகிற இடம். வேர் செத்துப் பொந்தாகிவிட்டது. அதை அடைக்க இறங்கியவரைத்தான் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டது. இப்போதும் அந்தப் பொந்தில்தான் கசியும், வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது. சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது, கேட்கக் கேட்க அவன் முகமும் உடைந்தது. அரசன் அழுவதை ஊரார் பார்த்தார்கள். வண்டி மாடுகளை அவிழ்த்தார்கள்.

பிறகென்ன! மண்ணும் வைக்கோலும் மூங்கில் படலுமாகப் பொந்தை அடைத்தார்கள். அரசனும் கூடை சுமந்தான். பின்னால் வந்து சேர்ந்த அமைச்சரும் படைத்தலைவரும் சுமந்தார்கள். முழங்கால் சேற்றில் வழுக்கி விழுந்தபோதும் அவர்கள் முகத்தில் புன்னகை மாறவில்லை. அதைப் பார்த்து ஓடைக்குறிச்சிப் பெண்கள் அத்தனை கஷ்டத்திலும் சிரித்துவிட்டார்கள். உச்சிப்பொழுது தாண்டி மழை ஓய்ந்தது. கரை நின்றது.

முடிச்சு வைத்தியர் அதற்குள் எல்லை தாண்டியிருந்தார். விருந்துக்கு வரவிருந்த அரசர்களின் நாட்டில் இப்போது அவருக்கு நல்ல பெயர் என்று கேள்வி.

அரசன் சுருக்கம் விழுந்த முகத்தோடு அவைக்கு வந்தான். ஒரே வாரத்தில் உச்சி முடிச்சுகள் எல்லாம் மறைந்தன. மெழுகு போன்ற முகமுள்ள இளைய கணக்கர்கள், அரசனைப் போலவே இருக்க வேண்டும் என்று, கரியால் நெற்றியில் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். கண்ணந்தை நாலு கோடு அதிகமாகப் போட்டிருந்தார்.

அடுத்த அறுப்புக்குப் பிறகு கயலாள் வேறொரு குறையோடு வந்தாள். புளியமரத்து இடத்தில் கல் பாவித் தருவதாகச் சொன்ன அதிகாரி இன்னும் கல்லையே காட்டவில்லை என்றாள். அரசனின் புருவம் நெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, மூச்சு விடாமல் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

ஆகவே கேட்டவர்களே, பிறர் துயரத்தைக் கேட்டு மாறத் தெரிந்த முகமே அழகிய முகம், அதில் விழும் சுருக்கம் ஒரு குறையே அல்ல.