ஏழு பலகைகளும் ஒரு மெய்க்கீர்த்தியும்

முன்னொரு காலத்தில் கடற்கரை நாடு ஒன்றை ஆண்ட அரசனுக்குப் புதிய சொற்கள் மீது தீராத மோகம் இருந்தது. எந்த நாடு என்று உறுதியாகத் தெரியவில்லை. துறைமுகம் இருந்தது என்பது மட்டும் நிச்சயம். கதை ஒரு கப்பலில்தான் தொடங்குகிறது.

அந்தக் கப்பலில் வந்த ஆங்கிலேய வணிகன் தன் நாட்டுச் சட்டப் புத்தகம் ஒன்றை அரசனுக்குக் காணிக்கை வைத்தான். நீதி மண்டபத் தலைவர் பிரமராயர் அந்த மொழியைக் கற்றவர். அவர் சபையில் ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்ல, அரசன் அரியணையின் விளிம்புக்கே வந்துவிட்டான். பிறர் நிலத்தில் அனுமதியின்றி நுழைபவன் டிரெஸ்பாசர். இரவில் சுவரை உடைத்து உள்ளே புகுபவன் பர்க்ளர். அடித்துப் பறிப்பவன் ராபர். கடலில் கப்பலை மறித்துக் கொள்ளையிடுபவன் பைரேட். ஆளைத் தூக்கிச் செல்பவன் கிட்னாப்பர். தீ வைப்பவன் ஆர்சனிஸ்ட். கொலை செய்பவன் மர்டரர்.

"நாமோ எல்லாரையும் கள்வன் என்று கட்டிச் சிறையில் போடுகிறோம்" என்றான் அரசன். "இவர்கள் விண்மீன்களுக்குப் பெயர் வைப்பதுபோல அல்லவா குற்றங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்."

சபை வாய் பிளந்து கேட்டது. விகடகவி தத்தன் மட்டும், பெயர் இத்தனை இருந்தால் ஆளும் அத்தனை இருக்க வேண்டுமே, பாவம் அந்த நாடு என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தான். அது பிரமராயர் காதில் விழுந்தது. அரசன் தத்தனைத் தன் பந்தியில் அமர்த்தி உண்பதை ஐந்து ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருந்தவர் அவர். எழுந்து வணங்கி ஒரு யோசனை சொன்னார். சபையில் ஏழு பலகைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதி வைக்கலாம். அந்தந்தக் குற்றத்தை உண்மையாகச் செய்தவர் யார் என்று தத்தன் நாளை நண்பகலுக்குள் காட்ட வேண்டும். எந்தப் பலகை காலியாக இருக்கிறதோ, அதில் அவனே அமர்ந்து அதற்குரிய தண்டனையை ஏற்க வேண்டும். முதல் பலகைக்குப் பத்துக் கசையடி. ஏழாவதற்குக் கழுமரம்.

அரசன் சொல் மயக்கத்தில் இருந்தான். சரி என்றுவிட்டான்.

தத்தன் இரண்டே கேள்வி கேட்டான். செயல் சொல்லுக்குப் பொருந்துகிறதா என்று தீர்ப்பவர் யார்? நானே என்றார் பிரமராயர். சாட்சி எது? சபையில் சொல்லப்பட்டு எவரும் மறுக்காதது போதும் என்றான் அரசன்.

அந்த நாட்டில் கொலை நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நால்வருமே தேங்காய் திருடியவர்கள். மறுநாள் தத்தன் புறப்படும்போது அவன் மனைவி நாச்சியார், "படகு இருக்கு, இப்பவே போயிடலாம் வாங்க" என்றாள்.

"ஓடினா ஏழும் நான்தான்னு எழுதிடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தத்தன் நடந்தான்.

சபைக்குத் தனியாகத்தான் வந்தான். கையில் ஏழு பூக்கள் மட்டும் இருந்தன. காலிப் பலகைகளைப் பார்த்துப் பிரமராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தச் சபையில் அரசனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தியைப் பாடாமல் எந்த வழக்கையும் எடுப்பதில்லை. தினமும் கேட்டுப் பழகியதால் யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. அந்த நேரத்தில்தான் எல்லாரும் வெற்றிலை மடிப்பார்கள். அன்று ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சற்று நிறுத்தும்படி தத்தன் புலவரை வேண்டிக்கொண்டான்.

"வடவர் நிலத்துள் வரம்பு கடந்து புகுந்தவன்" என்று புலவர் தொடங்கினார்.

"பிரமராயரே, வடவர் அழைத்திருந்தார்களா?" என்று தத்தன் கேட்டான்.

"இல்லை."

"முதல் பலகையின் சொல் பொருந்துமா?"

பிரமராயர் அரசனைப் பார்த்தார். இல்லை என்றால் நேற்றுத் தாம் சொன்ன பொருள் பொய்யாகும். "பொருந்தும்" என்றார், பாதிக் குரலில். தத்தன் பலகையில் ஒரு பூவை வைத்தான்.

நள்ளிருளில் மதில் உடைத்தவன். முடியும் முரசும் பறித்தவன். நடுக்கடலில் கலம் கவர்ந்தவன். மூன்றாவது வரியிலேயே வெற்றிலை மடித்த கைகள் நின்றுவிட்டன. இளவரசரைச் சிறையெடுத்தவன். எரியூட்டி ஊரைக் கரியாக்கியவன். ஆறாவது பூ பலகையில் விழுந்தபோது கவரி வீசிய பெண்ணும் வீசுவதை மறந்து நின்றாள்.

தத்தன் அரசனை நோக்கித் திரும்பினான். "அரசே, இன்னும் ஒரு வரி இருக்கிறது. தாங்கள் சொன்னால் புலவர் நிறுத்திவிடுவார். கடைசிப் பலகை காலியாகும். நான் போய் அமர்ந்துகொள்கிறேன்."

பன்னிரண்டு ஆண்டுகள் கேட்ட பாட்டை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டவனைப்போல அரசன் புலவரைப் பார்த்தான். பிறகு, "பாடட்டும்" என்றான்.

"ஆயிரவர் உயிர் குடித்த வாளினன்" என்று புலவர் முடித்தார்.

பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. அரசனே இறங்கி வந்து, தத்தன் கையில் இருந்த பூவை வாங்கி ஏழாவது பலகையில் வைத்தான். "பிரமராயரே, பலகைகள் நிரம்பிவிட்டன. தண்டனைகளை வாசியும்."

பிரமராயர் ஓலையை விரித்தார். கசையடி என்ற சொல்லைக் கண்டார், கழுமரத்தையும் கண்டார். ஓலையை மெல்லச் சுருட்டினார். "இன்று... கண் சற்று மங்கலாக இருக்கிறது அரசே" என்றார்.

அரசனின் தோள்கள் குலுங்கின. பிறகு வெடித்துச் சிரித்தான். சிரிப்புத்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே சபையும் சிரித்தது. அரசன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தனிடம் நீட்டினான். தத்தன் ஓர் அடி பின்வாங்கினான்.

"அரசே, இது தங்கள் முன்னோர் மாலையா, போரில் வந்ததா?"

"போரில் வந்தது."

"அப்படியானால், வாங்கிக்கொள்பவனுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்குமே" என்றான் தத்தன்.

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். மாலையைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் ஏழாவது பலகையின் மேல் வைத்துவிட்டான். தோட்டத்திலிருந்து ஒரு கூடை மாம்பழம் வரவழைத்தான்.

"என் கையால் நட்டு நானே நீர் ஊற்றிய மரம். பயமில்லாமல் வாங்கிக்கொள்" என்றான்.

தத்தன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.